பல்லச்சின் அடியில் கடைசி அத்தியாயம்

பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அந்த அக்காவுக்கு ரத்தம் என்றால் ஒன்றுமில்லை, கொலை என்றால் உயிர். ரத்தம் பழகியது வேலைக்குச் சேர்ந்த பிறகு. கொலை அதற்கும் முன்னால், மாமியார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பழகியது.

துணைக்கு மருமகள்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் முடிவானது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுவார்கள். வார்டில் கட்டிலை ஒட்டிய மேசைக்கு ஒரு கால் குட்டை. யாரோ அட்டை கிழிந்த துப்பறியும் நாவல் ஒன்றை அதற்கு அண்டக் கொடுத்திருந்தார்கள். சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துப் போன ஒரு மத்தியானம் அக்கா அதை உருவினாள். மேசை ஆடியது, தண்ணீர் டம்ளர் சரிந்து மாமியார் மேல் கொட்டியது. அந்த அம்மா போட்ட கூச்சலில் நர்ஸ் ஓடி வந்தாள். அக்கா காதில் எதுவும் விழவில்லை. அதற்குள் முதல் பக்கத்தில் ஒரு பணக்காரன் குப்புறக் கிடந்தான், முதுகில் கத்தி.

மாமியார் எழுந்து நடந்து வீடு வந்து சேர்ந்தார். புத்தகமும் கூடவே வந்தது. மேசைக்கு அண்டக் கொடுக்க அக்கா தன் சோப்பு டப்பாவை வைத்துவிட்டு வந்தாள். அந்த அளவுக்கு நேர்மை உண்டு.

அன்றிலிருந்து விடவில்லை. காதல் கதை கொடுத்தால் இரண்டு பக்கத்தில் கொட்டாவி வரும். "ரெண்டு பேரும் சேரணும், இல்ல சேரக் கூடாது. இதுக்கு எதுக்கு இவ்வளவு பேப்பர்?" என்பாள். செத்தது யார், பூட்டிய அறைக்குள் எப்படி வந்தான், விளக்கை அணைத்தது எந்தக் கை என்று இருந்தால்தான் அவளுக்குப் புத்தகம். ஒரு கையில் துடைப்பம், ஒரு கையில் நாவல் என்று கூட்டிய இடத்தையே கூட்டிக்கொண்டிருப்பாள். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாது.

கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவாள். அது அவள் வழக்கம். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவிக்கொண்டே ஒவ்வொருவனையும் மனசுக்குள் நிறுத்தி விசாரிப்பாள். பிறகு ஈரக் கையோடு வந்து, மோட்டார் ரிப்பேர் பார்க்கும் புருஷனிடம் தீர்ப்பைச் சொல்வாள்.

"தம்பிதாங்க கொன்னது."

"எந்தத் தம்பி? என் தம்பியா?"

"உங்க தம்பிக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது. கதைல வர்ற தம்பி."

பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். தப்பாகிவிட்டால் அக்காவுக்கு முகமெல்லாம் பல். சரியாகிப் போனால்தான் அன்றைக்கு வீட்டில் யாரும் வாய் கொடுக்க முடியாது. "நானே கண்டுபிடிச்சிடலாம்னா அப்புறம் அந்த ஆளு எதுக்கு எழுதறான்?" என்று புத்தகத்தை மூலையில் போடுவாள். கடைக்காரன் எடையில் கை வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போடுகிறவள், எழுதுகிறவனிடம் மட்டும் ஏமாறுவதற்கென்றே போவாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் பல் டாக்டரிடம் வேலை கிடைத்தது. செருப்புக் கடைக்கு மேல் மாடி. படி ஏறியதும் காத்திருக்கும் அறை, அதில் ஒரு நீள பெஞ்சு, ஒரு பெரிய கண்ணாடி, மீன் இல்லாத மீன் தொட்டி. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் டாக்டரும் நாற்காலியும். கருவிகளைக் கழுவிச் சூடாக்கி எடுக்க வேண்டும், வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும், மாவு குழைத்துப் பல்லுக்கு அச்சு எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் சொல்வது டாக்டருக்கே புரியாது, அக்காவுக்குப் புரியும்.

அங்கே ஒரு பிரச்சினை இருந்தது. வேர் சிகிச்சைக்கு நாலைந்து முறை வர வேண்டும். வலி இருக்கிற வரைக்கும் டாக்டர்தான் தெய்வம். வலி நின்ற மறுநாள் டாக்டர் யாரோ, வந்தவர் யாரோ. பாதியில் விட்ட பல் உள்ளுக்குள் அழுகி, கன்னம் பந்து மாதிரி வீங்கி, மறுபடி ஓடி வருவார்கள். அப்போது பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்காது. டாக்டர் திட்டிப் பார்த்தார். போன் போட்டுப் பார்த்தார். யார் எடுக்கிறார்கள்?

அக்கா தன்னிடம் இருந்த நாவல்களைக் கொண்டு வந்து பெஞ்சில் வைத்தாள். வந்தவர்கள் படித்தார்கள். உள்ளே கூப்பிட்டால், "இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வர்றேன்" என்றார்கள். மறுமுறை தவறாமல் வந்தார்கள், சிலர் நேரத்துக்கு முன்பே. ஆனால் வேகமாகப் படிக்கிறவர்கள் ஒரே நாளில் கதையை முடித்துவிட்டுக் கம்பி நீட்டினார்கள். அக்கா யோசித்தாள். அச்சு மாவைச் செதுக்கும் மெல்லிய பிளேடை எடுத்து ஒவ்வொரு நாவலிலிருந்தும் கடைசி அத்தியாயத்தைச் சுத்தமாக அறுத்து எடுத்தாள்.

அதன் பிறகு அதுதான் சட்டம். யார் எந்தப் புத்தகத்தைத் தொட்டார்களோ, அதன் கடைசி அத்தியாயம் கிளிப் போட்டு அலமாரியின் இழுப்பறையில், அவரவர் பல்லச்சின் அடியில் இருக்கும். பல்லை அடைத்து முடிக்கிற அன்றைக்குத்தான் கைக்கு வரும். கெஞ்சினாலும் கிடைக்காது, அதட்டினாலும் கிடைக்காது.

"என்னக்கா அநியாயமா இருக்கு. ஆளைச் சொல்லிடுங்க, பேரு மட்டும்" என்பார்கள்.

"பல்லு முடியட்டும், பேரு சொல்றேன்."

டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஆட்கள் திரும்பி வருவது தன் கைராசி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்காவும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் கணக்கு டீச்சர் வந்து மாட்டினார். பள்ளிக்கூடமே அந்த அம்மாவைக் கண்டால் நடுங்கும், அந்த அம்மா ஊசியைக் கண்டால் நடுங்குவார். மேல் வரிசைக் கடைவாய்ப் பல். பாதி வேலை முடிந்து, வலி நின்றதும் ஆள் வரவில்லை. வகுப்பு என்றார், காய்ச்சல் என்றார், ஒருமுறை சொந்தக் குரலையே மாற்றி "டீச்சர் வீட்ல இல்லைங்க" என்றார். டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: "சிஸ்டர், இந்த வாரம் வந்து முடிக்கலைன்னா அந்தப் பல்லு போயிடும். பிடுங்கறதைத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது."

அக்கா போன் போட்டாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"டீச்சர், நீங்க படிச்சிட்டிருந்த கப்பல் கொலைக் கதை. கடைசி அத்தியாயத்தை உங்களுக்காக எடுத்து வச்சிருக்கேன். நாளைக்குச் சாயந்தரம் வாங்க. முடிச்சதும் உங்க கைல குடுக்கறேன்."

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது.

"சமையல்காரனா?" என்றார் டீச்சர்.

"வந்து படிச்சுக்குங்க."

"சத்தியமா குடுப்பீங்களா?"

"இது என்ன கேள்வி. நான் சொன்னா சொன்னதுதான்."

மறுநாள் காலையில் இழுப்பறையைத் திறந்தாள். டீச்சரின் பல்லச்சு வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. அடியில் ஒன்றும் இல்லை.

மற்ற அச்சுகளைத் தூக்கிப் பார்த்தாள். அவரவர் கதை அவரவர் அடியில் இருந்தது. பஸ் டிரைவரின் அச்சு மட்டும் காலி. அது சரிதான். டிரைவருக்கு முந்தின நாள்தான் வேலை முடிந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, மறுநாள் வந்து கொடுத்துவிடுகிறேன் என்று அவர் தலையைச் சொறிந்ததால், வழக்கத்தை மீறி அத்தியாயத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருந்தாள். டீச்சருடையது எங்கே?

இத்தனை வருஷமாகப் படித்த படிப்பெல்லாம் அக்காவுக்கு ஒன்றாகத் தலைக்கு ஏறியது. வெளிக்கதவின் பூட்டு உடையவில்லை. சாவி அவளிடம். இன்னொரு சாவி டாக்டரிடம். மூன்றாவது சாவியால் காலையில் முதலில் திறப்பது கூட்டிப் பெருக்கும் ஆயாம்மா. அக்கா அறையைச் சுற்றி நோட்டம் விட்டாள். பெஞ்சுக்கு எதிரே கண்ணாடி பளபளவென்று இருந்தது. நேற்று வரைக்கும் அதில் கைரேகைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கண்ணாடியைப் பேப்பரால் துடைத்தால்தான் இப்படிப் பளபளக்கும். குப்பைக் கூடையில் பேப்பர் இல்லை. அப்படியென்றால் துடைத்தவர் தடயத்தை வெளியே கொண்டு போயிருக்கிறார்.

"ஆயாம்மா, கொஞ்சம் இங்க வாங்க."

ஆயாம்மா வாளியோடு வந்தார்.

"காலைல கண்ணாடி துடைச்சீங்களா?"

"ஆமா. ஏன், நல்லா இல்லையா?"

"எதால துடைச்சீங்க?"

"பேப்பரால."

"என்ன பேப்பர்?"

ஆயாம்மா வாளியைக் கீழே வைத்தார். "நீ என்ன கேக்கறியோ அதை நேரா கேளு."

"இல்ல, இழுப்பறைல ஒரு புத்தகத்தோட பேப்பர் இருந்துச்சு. இப்ப இல்ல. உங்களுக்குப் படிக்கத் தெரியாது, வீண் பேப்பர்னு நெனச்சிருக்கலாம். கூடையும் காலியா இருக்கு, அதான்."

"கூடை காலியா இருக்கக் கூடாதுன்னா எனக்கு எதுக்கு இங்க வேலை?" ஆயாம்மா தன் பையைத் திறந்து அலமாரி மேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, ஈரமாகக் கசங்கிய செய்தித்தாள் உருண்டை. அதைப் பிரித்து நீட்டினார். ஒரு சைக்கிள் விளம்பரம். "பாத்துக்கோ. இதுல யாரும் சாகல."

அக்காவுக்கு முகத்தில் அசடு வழிந்தது.

"பொருளைக் காணோம்னா கூட்டறவதான் எடுத்திருப்பான்னு சொல்றதுக்கு இத்தனை புத்தகம் படிக்கணுமா?" என்றார் ஆயாம்மா. "ஒண்ணும் படிக்காதவளே அதைச் சொல்லிடுவாளே. உன் புத்தகத்துல ஒண்ணுலயாவது கூட்டறவதான் திருடின்னு முடிச்சிருக்கானா, சொல்லு."

முடித்ததில்லை. அது அக்காவுக்கே தெரியும். அதைவிட மட்டமான முடிவு இல்லை என்று அவளே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் ஆயாம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து டாக்டர். வந்ததும் அக்கா சாதாரணமாகக் கேட்பது போல் தூண்டில் போட்டாள்.

"கப்பல் நல்லா இருந்துச்சா, டாக்டர்?"

"என்ன கப்பல்?"

கண் கூட இமைக்கவில்லை. ஒன்று, நிஜமாகவே ஒன்றும் தெரியாதவர். இல்லையென்றால் பெரிய கைகாரர். ரொம்ப நல்லவன் மாதிரி இருக்கிறவனைத்தான் கடைசியில் பிடிப்பார்கள். அக்கா மத்தியானம் முழுக்க அவரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை மேசைக்குக் கீழே எதையோ ஒளித்துப் படித்தார். நழுவிப் போய் எட்டிப் பார்த்தாள். உடம்பு இளைக்க என்னென்ன சாப்பிடக் கூடாது என்று எங்கிருந்தோ கிழித்து வந்த துண்டுத் தாள்.

சாயந்தரம் டீச்சர் வந்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பெஞ்சின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்தார்.

"எங்க அது? கண்ல காட்டுங்க முதல்ல."

பொய் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. பல்லை முடித்த பிறகு இல்லை என்று சொன்னால் அது மோசடி. "டீச்சர், காணாமப் போச்சு. காலைலேருந்து தேடறேன். கிடைச்சதும் நானே உங்க வீட்டுக்குக் கொண்டாந்து தர்றேன். இன்னிக்குப் பல்லை முடிச்சிடுங்க."

டீச்சர் எழுந்துவிட்டார். "அப்ப அது கிடைக்கட்டும், நான் வர்றேன்."

"அதுக்குள்ள பல்லு போயிடும், டீச்சர். பிடுங்கணும்னு ஆயிடும்."

"வலியே இல்லையே."

"வலி இல்லாததுதான் வினையே. உள்ளுக்குள்ள அரிச்சிட்டு இருக்கு. வேணும்னா கதையை நான் வாயால சொல்றேன், உக்காருங்க."

"நீங்க சொன்னா அது சேதி. நான் படிச்சாத்தான் கதை." அக்காவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். டீச்சர் படியை நோக்கி நடந்தார். பல் போயிற்று என்று அக்கா முடிவு செய்துவிட்டாள்.

அப்போது படியில் தடதடவென்று சத்தம். பஸ் டிரைவர் காக்கிச் சட்டையோடு ஏறி வந்து, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் புது கேப் போட்ட பல். கையில் ஒரு கற்றைத் தாள்.

"அக்கா, என்ன கதைக்கா இது. இந்த மாதிரி ஒரு முடிவை நான் படிச்சதே இல்ல. டிப்போல அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்படி என்ன?" என்றாள் அக்கா, பாதி கவனத்தோடு. அவர் படித்தது மலை பங்களா கதை. அதில் அப்படி ஒன்றும் பெரிய முடிவு கிடையாது.

"பங்களாவுல ஆளைப் பிடிச்சு, விலங்கு மாட்டி, ஜீப்ல ஏத்தியாச்சு. சரி, முடிஞ்சுதுன்னு பக்கத்தைத் திருப்பினா, அவன் இல்லையாம்க்கா! எல்லாரும் கப்பல்ல நிக்கறாங்க. இன்னொருத்தனைப் பிடிக்கறாங்க!"

அக்காவின் கண் அவர் கையிலிருந்த கற்றைக்குப் போனது.

"கப்பலா? மலைல கப்பல் எங்கேருந்து வந்துச்சு?"

"அதானக்கா திருப்பமே. நானும் மொதல்ல முழிச்சேன். அப்புறம் யோசிச்சேன். அதே துப்பறியறவன், அதே அசிஸ்டென்ட். அப்ப பங்களாவுல பிடிச்சதெல்லாம் நாடகம். நிஜக் கொலைகாரன் கப்பல்ல தப்பிச்சுப் போறான், விடாம துரத்திப் போய்..."

எல்லாம் விளங்கிவிட்டது. போன வாரம் ஒரு கிளிப் தொலைந்து போனது. இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அத்தியாயங்களையும் ஒரே கிளிப்பில் மாட்டி டிரைவரின் அச்சுக்கு அடியில் வைத்தது சாட்சாத் அவளேதான். அதை அப்படியே தூக்கி டிரைவரிடம் கொடுத்ததும் அவளேதான். ஒரே எழுத்தாளர், ஒரே அளவுத் தாள், ஒரே துப்பறிகிறவன். அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? இதற்காகவா ஆயாம்மாவின் பையைக் கவிழ்க்க வைத்தாள்!

டிரைவர் நிறுத்தவில்லை. "அந்தக் கப்பல்ல யாரைப் பிடிச்சாங்கன்னு நெனக்கறீங்க? நீங்க தலைகீழா நின்னாலும்..."

"சொல்லாதீங்க!" என்றார் டீச்சர். வகுப்பையே அடக்கும் குரல்தான், ஆனால் கதை ருசியில் பேசுகிற டிரைவரை அது ஒன்றும் செய்யவில்லை. டீச்சர் இரண்டு காதையும் பொத்தினார். கைப்பை நழுவியது. பையைப் பிடித்தால் காது திறந்தது, காதைப் பொத்தினால் பை விழுந்தது. படிப்பக்கம் போக வழியில்லை; டிரைவர் மலை மாதிரி நின்றார். டீச்சர் விருட்டென்று திரும்பித் திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் ஏறிப் படுத்தார்.

"டாக்டர், அந்த மெஷினைப் போடுங்க."

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் ஊசியே போடலையேம்மா."

"அப்ப ஊசியைப் போட்டுட்டு மெஷினைப் போடுங்க. எதையாவது போடுங்க. அந்த ஆளு பேசறது என் காதுல விழக் கூடாது."

வெளியே அக்கா அதற்குள் டிரைவரின் தோளை அழுத்திப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். "கேப் சரியா உக்காந்திருக்கான்னு பாக்கணும். வாயைத் தொறங்க" என்றாள். அவர் திறந்தார். கைக்குக் கிடைத்த பஞ்சையெல்லாம் திணித்தாள். அப்படியும் அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். யார் கொன்றான், எப்படிக் கொன்றான், கயிற்றை எங்கே ஒளித்தான் என்று ஒன்று விடாமல். அக்காவைத் தவிர ஒருவருக்கும் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் அவளுக்கு அவ்வளவு இனிமையாக இருந்ததில்லை. உள்ளே ஓடிப்போய் எச்சில் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாள். டீச்சர் கண்ணை இறுக மூடியிருந்தார், ஆனால் தலையை ஒரு தடவைகூட நகர்த்தவில்லை.

வேலை முடிந்தது. பல் நின்றது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, "பாத்தீங்களா சிஸ்டர், பயமே இல்லாம எப்படி வந்து படுத்தாங்க. நம்ம கை அப்படி" என்றார்.

"ஆமா டாக்டர்" என்றாள் அக்கா.

டிரைவரிடம் பஞ்சை எடுத்துவிட்டு உண்மையைச் சொன்னாள். அவர் முகம் தொங்கிப் போனது.

"அப்ப கப்பல் என் கதையே இல்லையா?"

"இல்ல. பங்களாவோட உங்க கதை முடிஞ்சுது."

"அவ்வளவுதானா? ஜீப்ல ஏத்தினதோட சரியா?" கையிலிருந்த கற்றையைப் புரட்டினார். "டிப்போல நான் இப்ப என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது. அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. அவங்க அப்படியே நெனச்சுக்கட்டும்." தாள்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் படி இறங்கினார்.

டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து தன் அத்தியாயத்தை வாங்கிக்கொண்டார். அக்கா அலமாரிக்குப் பின்னால் ஆயாம்மாவைத் தேடிப் போனாள்.

"ஆயாம்மா, தப்பு என்னோடது. நானேதான் டிரைவர்கிட்ட சேத்துக் குடுத்துட்டேன். நான் கேட்டதை மனசுல வச்சுக்காதீங்க."

"நேத்து நீ குடுக்கறப்ப நானும்தான் பாத்தேன். இவ்வளவு தடியா ஒரு முடிவான்னு நெனச்சேன்" என்றார் ஆயாம்மா, துணியைப் பிழிந்துகொண்டே. "காலைல என்னை சாட்சியா கூப்பிட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ குற்றவாளியால்ல கூப்பிட்ட."

"அதான் சொல்றேனே, தப்புதான்."

"சரி விடு. நாளைக்கு நீ கண்ணாடி துடை."

அக்கா தலையாட்டினாள். கருவித் தட்டைக் கழுவ எடுத்து வந்தாள். ஆனால் கழுவவில்லை. டீச்சர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று தள்ளி நின்றே அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு தாள். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தானே மறுபடி முதல் தடவையாகப் படிப்பது போல.

டீச்சர் தாளைத் திருப்பினார். ஊசி போடாத பாதி முகத்தில் புருவம் ஏறியது, கண் விரிந்தது. மரத்துப் போன மறுபாதி ஒன்றும் தெரியாமல் சும்மா இருந்தது. சட்டென்று பெஞ்சில் கிடந்த புத்தகத்தை எடுத்து, படபடவென்று பின்னோக்கிப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இங்கயே ஹொல்லியிருக்கான்" என்றார் மரத்த உதட்டோடு. "கண்ணு முன்னாடி. எப்படி விட்டேன்?"

அக்கா தட்டை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நானும் அங்கதான் விட்டேன், டீச்சர். அந்தக் கயிறுன்னு ஒரு வார்த்தை வருது பாருங்க, அதை நான் ரெண்டு தடவை படிச்சும் தாண்டிப் போயிட்டேன்."

"ஹமையல்காரன்னு நெனச்சேன்."

"நான் பாட்டுக்காரின்னு நெனச்சேன்."

இருவரும் புத்தகத்தின் மேல் குனிந்தார்கள். ஆயாம்மா துடைப்பத்தோடு எதிரே வந்து நின்று, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் காலைத் தூக்குங்க" என்றார். தூக்கினார்கள். கீழே பெருக்கிக்கொண்டு போனார்.